பழைய நிரல்களின் திரைகளைப் பதிந்து வைத்தல்

விஞ்ஞான நிலையம் ஒவ்வொன்றும் தன் அளவைப் புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறது. மழைமானியும் வெப்பமானியும் எந்த ஆண்டில், எந்த இடத்தில் நிறுவப்பட்டன என்ற குறிப்பும் அப்புத்தகங்களோடு இருக்கும். மானி மாற்றப்பட்டால் மாற்றிய தேதி எழுதப்படும். பிற்காலத்தில் அவ்வெண்களை ஆராய்பவர், அவை எந்தக் கருவியின் வழியாக வந்தன என்பதை அறிந்தே ஆராய வேண்டும் என்ற நல்ல வழக்கத்தினால் இவ்வாறு செய்யப்படுகிறது. ஆனால் 1980-களின் பிற்பகுதியிலிருந்து மற்றொரு கருவியும் இடையில் புகுந்துவிட்டது. களத்தில் எழுதிய எண்களைக் கணிப்பொறியில் ஏற்றுவதற்கு உபயோகித்த நிரலே அக்கருவி. மானிக்குக் குறிப்பு எழுதும் வழக்கம் வேரூன்றியதைப் போல, நிரலுக்குக் குறிப்பு எழுதும் வழக்கம் வேரூன்றவில்லை.

இதனால் நேரக்கூடியது என்ன என்பதற்கு ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்க்கலாம். நாள்தோறும் பெய்த மழையை மில்லிமீட்டரில் ஏற்றுவதற்காக எழுதப்பட்ட ஒரு நிரலில், மழைக்கென ஒதுக்கிய கட்டம் இரண்டு முழு எண்களுக்கும் ஒரு தசம எண்ணுக்கும் மட்டுமே இடம் தருவதாக வைத்துக்கொள்வோம். 99.9-க்கு மேற்பட்ட எதையும் அக்கட்டத்தில் எழுத இயலாது. புயல் வீசிய ஒரு நாளில் 143 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதை எழுத முயன்றால் திரையின் கீழ் வரியில் பிழைச் செய்தி தோன்றுகிறது, யந்திரம் ஒலியெழுப்புகிறது. ஊழியர் என்ன செய்வார்? ஒருவர் 99.9 என்றே எழுதிவிடுவார். மற்றொருவர் இரண்டு நாட்களுக்குப் பங்கிட்டு எழுதுவார். வேறொருவர் கட்டத்தை வெறுமையாக விட்டுக் காகிதப் படிவத்தின் ஓரத்தில் குறித்து வைப்பார். முப்பது ஆண்டுகள் கழித்து அக்கோப்பைத் திறக்கும் ஆராய்ச்சியாளருக்கு, அவ்வூரில் ஒரு நாளும் நூறு மில்லிமீட்டர் மழை பெய்ததில்லை என்ற முடிவே கிடைக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, எண்களைத் திருத்தியவரும் எவரும் இல்லை. அந்தக் கட்டத்தின் அகலத்தையும் அந்தப் பிழைச் செய்தியையும் காட்டும் திரை ஒன்றே நடந்ததை விளக்கக்கூடியது. அத்திரையோ எங்கும் பதியப்படவில்லை.

ஆகையால், பழைய நிரல்கள் இயங்கும் நிலையில் இருக்கும்போதே அவற்றின் திரையில் தோன்றுவனவற்றை அசையும் படமாகப் பதிந்து வைப்பதை, அளவைப் பதிவேட்டின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். பழைய விளையாட்டு நிரல்களில் ஆர்வம் கொண்டவர்கள் உலகெங்கும் இவ்வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகின்றனர். அவர்கள் கேளிக்கைக்காக ஆக்கிக்கொண்ட சாதனங்களே இன்று அலுவலக நிரல்களுக்கும் கைகொடுக்கின்றன. கேளிக்கைக்காக இத்தனை சிரத்தையுடன் செய்யப்படுவதை அவசியத்துக்காகச் செய்ய அலுவலகங்கள் தயங்குவது விந்தையே.

தரவும் நிரலும் இருந்தால் போதாதா?

இந்திய ஆராய்ச்சி நூலகங்களில் பெரிதும் வழங்கிய ஒரு நிரலை எடுத்துக்கொள்ளலாம். யுனெஸ்கோ ஸ்தாபனம் சிறு கணிப்பொறிகளுக்கென 1985-இல் வெளியிட்ட சி.டி.எஸ்./ஐசிஸ் என்ற நிரலை, நிசாட் என்னும் தேசிய விஞ்ஞான தொழில்நுட்பத் தகவல் அமைப்பு நம் நாட்டு நூலகங்களுக்கு வழங்கியது. இந்நிரலில் நூற்பட்டியலின் ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் உண்டு. தலைப்பு ஓர் எண்ணின் கீழும், ஆசிரியர் பெயர் மற்றோர் எண்ணின் கீழும் சேமிக்கப்படும். வேறு நிரலுக்கு மாற்றும் பொருட்டு, ஐ.எஸ்.ஓ. 2709 என்ற தர அமைப்பில் விவரங்களை வெளியே எடுத்தால், எண்ணும் அதன் கீழ் உள்ள விவரமும் வந்து சேரும்; அவ்வெண் எதைக் குறிக்கிறது என்ற பெயர் உடன் வராது. பெயர், தனியே உள்ள புல விளக்கப் பட்டியலிலும், விவரம் ஏற்றுவதற்கான திரைப் படிவத்திலும் இருக்கும். ஒவ்வொரு நூலகமும் தன் தேவைக்கேற்பப் படிவத்தை அமைத்துக்கொள்ளலாம் என்பதே இந்நிரலின் சிறப்பு. அச்சிறப்பே இன்று சிக்கலாகி நிற்கிறது. ஒரு நூலகத்தில் ஆசிரியரைக் குறித்த எண் மற்றொரு நூலகத்தில் அறிக்கையை வெளியிட்ட ஸ்தாபனத்தைக் குறித்திருக்கலாம். படிவத் திரையை ஒரே ஒரு முறை படமெடுத்து வைத்திருந்தால், பட்டியலைப் புதிய அமைப்புக்கு மாற்றுபவர் பல நாள் ஊகத்தில் செலவிட வேண்டியதில்லை.

நிரலையும் தரவையும் பாதுகாத்து வைத்தால் வேண்டும்போது இயக்கிப் பார்க்கலாமே, திரையைத் தனியே பதிவானேன் என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. நிரலைப் பாதுகாப்பது முதற்கடமை என்பதில் ஐயமில்லை; பதிவு அதற்கு ஈடாகாது. ஆயினும் நிரலை இயக்குவது வேறு, அதைக் கையாளத் தெரிந்திருப்பது வேறு. அக்கால நிரல்கள் பலவற்றில் எந்த விசையை அழுத்தினால் எது நடக்கும் என்பது திரையில் காட்டப்படுவதில்லை. ஒரு விசை ஏற்றிய விவரத்தைச் சேமிக்கும். அடுத்துள்ள விசை சேமிக்காமல் வெளியேறிவிடும். இயக்கிப் பழகியவரின் விரல்களில் இருந்த இவ்வறிவு கையேட்டில் முழுதும் ஏறியதில்லை. அவர்களுள் பலர் ஓய்வு பெற்றுவிட்டனர். ஏனையோரும் பெற்று வருகின்றனர்.

மேலும், எல்லா நிரல்களும் புதிய சூழலில் பணிந்து இயங்குவதில்லை. அச்சு யந்திரத்துக்கான துளையில் ஒரு சிறு பூட்டுக் கருவியைச் செருகியிருந்தால் மட்டுமே திறக்கும் நிரல்கள் இருந்தன. கருவி தொலைந்தால் நிரல் வாய் திறக்காது. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் பல, யந்திரத்தின் வேகத்தைத் தொடக்கத்தில் தாமே அளந்து பார்த்துக்கொள்ளும் வழக்கமுடையவை. கணிப்பொறியின் வேகம் ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும், அந்த அளவீட்டில் வரும் வகுத்தல் விடை தன் இடத்தில் அடங்காமல் போய், ‘பிழை எண் 200’ என்ற செய்தியுடன் நிரல் நின்றுவிடும். நிரலில் தவறு எதுவும் புகுந்துவிடவில்லை. அதை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததைவிட யந்திரங்கள் வேகமாகிவிட்டன என்பதே காரணம்.

இன்றைய கணிப்பொறியில் இந்நிரல்களை நேரடியாக இயக்குவதும் இயலாததாகி வருகிறது. டாஸ் காலத்து நிரல்கள் 16 பிட் அமைப்பில் எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்பதில்லை. 32 பிட் விண்டோஸ் ஏற்று வந்தது. 32 பிட் வடிவிலும் வெளியான கடைசி விண்டோஸ், பத்தாம் பதிப்பாகும். 2021-இல் வந்த பதினோராம் பதிப்பில் அவ்வடிவம் இல்லை. பத்தாம் பதிப்பின் பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. ஆகவே, நிலையத்தின் மூலையில் கிடக்கும் பழைய யந்திரத்தை விலக்கினால், எஞ்சுவது எமுலேட்டர் எனப்படும் பாவனை நிரல் ஒன்றே.

பாவனை நிரல் என்பது, பழைய கணிப்பொறியின் செயலியும் நினைவகமும் திரை அட்டையும் நடந்துகொள்வதைப் போலவே நடந்துகொள்ளுமாறு எழுதப்பட்ட புதிய நிரலாகும். டாஸ் நிரல்களுக்கு இவ்வகையில் மிகவும் பெயர் பெற்றது, 2002-இல் முதன்முதல் வெளிவந்த டாஸ்பாக்ஸ். விலையின்றிக் கிடைக்கிறது. இதில் யந்திரத்தின் வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் முடியும். எந்தத் திரை அட்டையைப் பாவனை செய்ய வேண்டும் என்றும் கட்டளையிடலாம். அக்காலத்தில் ஒரே வண்ணத்தில் ஒளிர்ந்த ஹெர்குலிஸ் அட்டைத் திரையும் இதில் உண்டு என்பது, பச்சை எழுத்துத் திரைகளில் வேலை பார்த்தவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கண்ணுக்குத் தெரிவதும் பதிவாவதும்

பதிவு செய்ய முற்படுபவர் பெரும்பாலும் செய்வது, இன்றைய கணிப்பொறியில் உள்ள பொதுவான திரைப் பதிவு நிரல் ஒன்றைத் திறந்து, பாவனை நிரலின் சாளரத்தைப் பிடித்து வைப்பதே. ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட இது மேலானது. ஆனால் இவ்வாறு கிடைக்கும் படம் பழைய திரையின் உண்மைப் பிரதி அன்று. பல கைகளைக் கடந்து வந்த பிரதி அது; ஒவ்வொரு கையும் அதில் சிறிது மாற்றம் செய்துவிட்டிருக்கும்.

முதல் மாற்றம் உருவத்தில் நேர்வது. அக்காலத்துத் திரை நான்கு பங்கு அகலமும் மூன்று பங்கு உயரமும் உடையது. 320 புள்ளி அகலமும் 200 புள்ளி உயரமும் கொண்ட படத்தை அத்திரை முழுவதும் பரப்பிக் காட்டினால், ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக இருக்கும். நிரலை எழுதியவர் வட்டம் வரைந்தபோது இதைக் கணக்கில் கொண்டே வரைந்தார். இன்றைய திரையின் புள்ளிகள் சதுரமானவை. அவற்றில் அப்படத்தை அப்படியே வைத்தால் வட்டம் மேலும் கீழும் நசுங்கிய உருண்டையாகத் தெரியும். ஹெர்குலிஸ் அட்டையின் 720-க்கு 348 புள்ளிப் படத்தில் இம்மாறுதல் இன்னும் பெரிது. அங்கே ஒரு புள்ளியின் உயரம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். வரைபடத்தின் சாய்வைத் திரையில் பார்த்தே முடிவு சொல்லும் பழக்கம் இருந்த இடங்களில், இது வெறும் அழகைப் பற்றிய விஷயம் அன்று.

அடுத்து வேகம். பழைய வி.ஜி.ஏ. திரை, எழுத்து முறையிலும் மேற்சொன்ன 320-க்கு 200 முறையிலும் விநாடிக்கு 70 தடவை படத்தைப் புதுப்பித்தது. இன்றைய திரைகளில் பெரும்பாலானவை 60 தடவை புதுப்பிப்பவை. பதிவு நிரல்களும் 30 அல்லது 60 படங்களையே பிடிப்பவை. எழுபதில் அறுபதைப் பிடித்தால் விநாடிக்குப் பத்துப் படங்கள் தவறும். முப்பதைப் பிடித்தால் நாற்பது தவறும். மெதுவாக மாறும் படிவத் திரையில் இதனால் கேடில்லை. ஒரே ஒரு படத்தில் தோன்றி மறையும் எச்சரிக்கை, அல்லது அசைந்தோடும் அலைவரைபடம் ஆகியவற்றில் இழப்பு நேரும். எது இழந்தது என்பது பதிவைப் பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இயற்கைக் காட்சிகளைப் பதிவதற்கு ஏற்பட்ட முறைகளில், வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே பதியப்படும். வண்ணமோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகவே பதியப்படும். மரத்தையும் முகத்தையும் காட்டுவதற்கு இது போதும். நீலத் தரையில் சிவப்பு எழுத்து என்றால், எழுத்தின் விளிம்பு கரைந்து மங்கிவிடும். அக்கால நிரல்களில் பிழைச் செய்திகளுக்குச் சிவப்பை உபயோகிப்பது வழக்கமாகையால், படிக்க வேண்டிய வரியே முதலில் மங்கிவிடுகிறது.

இவ்விடர்கள் அனைத்துக்கும் எளிய பரிகாரம், பாவனை நிரலுக்குள்ளேயே அமைந்துள்ள பதிவு வசதியாகும். டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல் விசையுடன் எஃப்-5 விசையை அழுத்தினால் நிழற்படம் கிடைக்கும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டுடனும் எஃப்-5 விசையை அழுத்தினால் அசையும் படப் பதிவு தொடங்கும், மீண்டும் அழுத்தினால் நிற்கும். படம் பெரிதாக்கப்பட்டுச் சாளரத்தில் வைக்கப்படுவதற்கு முன்னரே, பழைய அட்டை தந்திருக்கக்கூடிய அதே புள்ளிகளும் அதே வேகமும் பதிவாகின்றன. இசட்.எம்.பி.வி. என்ற சுருக்க முறை இதற்கென்றே ஏற்பட்டது. முழுப் படம் ஒன்றைப் பதிந்து, அதன்பின் மாறிய பகுதிகளை மட்டும் சேர்த்துக்கொண்டு போவது அதன் வழி. ஒரு புள்ளியும் இழக்கப்படுவதில்லை. நடுவில் எழுத்துத் திரையிலிருந்து வரைபடத் திரைக்கு நிரல் மாறினால் பதிவு ஒரே கோப்பாகத் தொடராது என்பதை மட்டும் நினைவில் கொண்டு, வேலை முடிந்ததும் கோப்புகளைத் திறந்து சரிபார்க்க வேண்டும். இம்முறை இசட்.எம்.பி.வி. அறியாத நிரல்களில் திறக்காது. ஆகவே மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, இழப்பில்லாத மற்றொரு முறைக்கும் மாற்றி ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. 2021-இல் ஆர்.எஃப்.சி. 9043 என்ற ஆவணமாக வெளியாகி எவரும் படித்தறியக் கிடைக்கும் எஃப்.எஃப்.வி.-1 முறை இதற்கு ஏற்றது. எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவசச் சாதனம் முந்தியதைப் படித்துப் பிந்தியதாக எழுதித் தரும்.

எழுத்துத் திரை மட்டுமே கொண்ட நிரலானால் வேலை இன்னும் சுலபம். 80 எழுத்து அகலமும் 25 வரியும் கொண்ட திரையில் 2,000 எழுத்துகளுக்கு இடமுண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பைட், அதன் வண்ணத்துக்கு ஒரு பைட் என ஆக 4,000 பைட்டுகளில் ஒரு முழுத் திரை அடங்கிவிடும். இன்றைய பெரிய திரையின் ஒரே படம் சுருக்கப்படாத நிலையில் 62 லட்சம் பைட்டுகளுக்கு மேல் ஆகும் என்பதை இதனோடு ஒப்பிட்டால், முன்னோரின் சிக்கனம் விளங்கும். இவ்வாறு எழுத்தாகவே எடுத்து வைத்த திரையில் சொற்களைத் தேடவும் முடியும். ஆனால் டாஸ் கட்டளை வரியில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிடும் பழைய வழி எல்லா நிரல்களுக்கும் பலிக்காது. திரை நினைவகத்தில் நேரடியாக எழுதும் நிரல்கள் அவ்வழியைத் தொடுவதே இல்லை. அவற்றுக்குப் படப் பதிவே கதி.

இந்திய எழுத்துகள் தோன்றிய திரைகள்

இதுவரை கூறியவை எந்த நாட்டுக்கும் பொருந்துவன. இந்தியாவுக்கே உரிய ஒரு சிக்கல் வேறு உண்டு. மேற்சொன்ன பரிகாரங்கள் அதற்கு உதவுவதில்லை.

டாஸ் காலத்தில் இந்திய மொழிகளைத் திரையில் காட்டியது பெரும்பாலும் நிரல் அன்று, ஓர் அட்டை. 1980-களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து உருவாகி, 1988-இல் புனேயில் நிறுவப்பெற்ற சி-டாக் ஸ்தாபனத்தின் வழியாக அலுவலகங்களுக்கு வந்த ஜிஸ்ட் அட்டை அது. கணிப்பொறிக்குள் அதைச் செருகிவிட்டால், ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட நிரலிலேயே இந்தியும் தமிழும் தெலுங்கும் ஏற்றலாம். நிரலைத் திருத்த வேண்டியதே இல்லை. நிரலின் கண்ணுக்கு எல்லாம் வெறும் எண்கள். 160-க்கு மேற்பட்ட எண்களைக் கண்டால் அவற்றை இந்திய எழுத்தாக வரைந்து காட்டுவது அட்டையின் பொறுப்பு. இவ்வெண்முறையே இஸ்கி எனப்பட்டு, 1991-இல் ஐ.எஸ். 13194 என்ற இந்தியத் தரமாக வெளியிடப்பட்டது. பிராமியிலிருந்து தோன்றிய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே எண் வரிசை அதில் அமைந்திருந்ததால், இந்தியில் ஏற்றிய பெயர்ப்பட்டியலை ஒரு விசையைத் தட்டித் தமிழ் எழுத்தில் காண முடிந்தது. பல மொழி மாநிலங்கள் ஒரே பட்டியலை உபயோகிக்கும் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அக்காலத்தில் இருந்ததில்லை எனலாம்.

அந்நிரலை இன்று பாவனை நிரலில் இயக்கினால் என்ன தோன்றும்? டாஸ்பாக்ஸ் ஐ.பி.எம். திரை அட்டைகளைப் பாவனை செய்யும். ஜிஸ்ட் அட்டையை அறியாது. தமிழ்ப் பெயர் இருந்த இடத்தில் கட்டக் கோடுகளும் கிரேக்க எழுத்துகளும் கலந்த ஒரு வரி தெரியும். அதைப் புள்ளி பிசகாமல் பதிந்து வைத்தாலும், பதிந்தது ஒருவரும் ஒருநாளும் கண்டிராத திரையே ஆகும். தரவிலுள்ள எண்களை இஸ்கி முறைப்படி யூனிகோடுக்கு மாற்றிப் பெயர்களைப் படித்துவிடலாம் என்பது உண்மையே. ஆனால், அட்டை வரைந்த எழுத்தின் உருவம், கூட்டெழுத்துகள் திரையில் பிடித்த இடம், பெயர் கட்டத்துக்குள் அடங்காதபோது வெட்டுண்ட இடம் ஆகியவை அம்மாற்றத்தில் கிடைப்பதில்லை. வாக்காளர் பட்டியலிலோ நிலப் பதிவிலோ பெயரின் கடைசி எழுத்து ஏன் விடுபட்டது என்ற கேள்வி எழும்போது, வெட்டுண்ட இடத்தைக் காட்டும் திரை தேவைப்படுகிறது.

இத்தகைய நிரல்களுக்கு, அட்டையோடு கூடிய மூல யந்திரத்தை இயக்கி, அதன் திரை வெளியீட்டைப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய பதினைந்து ஊசி இணைப்பிலிருந்து வரும் குறியீட்டை இன்றைய இணைப்புக்கு மாற்றித் தரும் சிறு பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்குமுன் இரண்டைக் கவனிக்க வேண்டும். விநாடிக்கு 70 என்ற வேகத்தை ஏற்காத பெட்டிகள் பல. அன்றியும், வி.ஜி.ஏ. எழுத்துத் திரை 720 புள்ளி அகலமுடையது. இதே கால அளவில் வரும் 640 புள்ளித் திரையும் உண்டு. குறியீட்டை மட்டும் கொண்டு இரண்டையும் வேறுபடுத்த இயலாமையால், சில பெட்டிகள் 720-ஐ 640 என்று கொண்டு புள்ளிகளை நெருக்கிவிடும். எழுத்துகளின் நிமிர்ந்த கோடுகள் சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் தோன்றினால் இதுவே காரணம் என்று அறியலாம்.

பெட்டி கிடைக்காத இடத்தில் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியாவது உபயோகப்படட்டும். பழைய கண்ணாடித் திரையைப் படமெடுக்கையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுவதைக் காணலாம். திரை புதுப்பிக்கும் வேகமும் கருவி படமெடுக்கும் வேகமும் ஒத்துவராமையே இதன் காரணம். கருவியை அசையாமல் நிறுத்தி, அறையின் விளக்கை அணைத்து, படமெடுக்கும் வேகத்தை மாற்றிப் பார்த்தால் பட்டைகள் குறையும். அழகற்ற பதிவானாலும் அட்டை வரைந்த எழுத்து அதில் இருக்கும்.

பள்ளிகளிலும் இதுபோன்ற செல்வம் கிடக்கிறது. 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்னும் பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தில், பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் யந்திரங்கள் நம் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. 32 கிலோபைட் நினைவகத்துடன் இயங்கிய அந்த யந்திரத்தில் முதன்முதலாக ஒரு கணிப்பொறித் திரையைக் கண்ட மாணவர்கள் இன்று ஐம்பது வயதைக் கடந்துவிட்டனர். அதன் ஏழாம் முறைத் திரை 40 எழுத்து அகலமும் 25 வரியும் கொண்டது; ஒரு முழுத் திரைக்கு 1,000 பைட்டுகளே போதும். பிரிட்டிஷ் தொலைக்காட்சி முறையை ஒட்டி, விநாடிக்கு 50 தடவை படத்தைப் புதுப்பித்தது. இதற்கும் பாவனை நிரல்கள் உண்டு. ஐம்பதை அறுபதில் பிடித்தால், ஓடும் உருவம் சீராக ஓடாமல் விட்டுவிட்டுத் துள்ளும். ஆகையால் பதிவு நிரலை 50 என்ற வேகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இயற்பியல் ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புக்காக எழுதிய ஊசல் நிரல் ஒலிநாடாவிலோ தகட்டிலோ எஞ்சியிருக்குமானால், அது இந்நாட்டுக் கல்வி வரலாற்றின் ஆவணம். பெரிய ஸ்தாபனங்கள் எழுதிய நிரல்களைப் பாதுகாக்க வேறு பலர் உண்டு. இதைப் பாதுகாக்க அப்பள்ளியைத் தவிர எவரும் இல்லை.

பதிவில் இடம்பெற வேண்டியவை

பதிவு செய்பவர் நிரலின் சிறப்புகளைக் காட்ட விரும்புவது இயல்பு. முகப்புத் திரை, வண்ண வரைபடம் ஆகியவற்றை எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் பதிவுகளால் பிற்காலத்தவருக்குப் பயன் குறைவு. ஒரு சாதாரண நாளின் வேலையே வேண்டுவது. நிரலைத் தொடங்கி, ஒரு படிவத்தை முழுதும் நிரப்பி, சேமித்து, அறிக்கையாக வெளியே எடுக்கும் வரை இடைவிடாமல் பதிய வேண்டும். அதன்பின், வேண்டுமென்றே தவறான விவரங்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கட்டத்தில் அடங்காத எண், இல்லாத தேதி, வெறுமையான பெயர் ஆகியவற்றுக்கு நிரல் அளிக்கும் மறுமொழியே, தரவிலுள்ள விசித்திரங்களுக்குப் பின்னர் விளக்கமாக அமையும். முதலில் சொன்ன மழைக் கட்டம் இவ்வாறு சோதித்தால்தான் வெளிப்படும். இச்சோதனையைத் தரவின் பிரதியில் செய்ய வேண்டுமேயன்றி மூலத்தில் செய்யலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; ஆயினும் சொல்லி வைப்பது நல்லது.

அந்நிரலை அன்றாடம் இயக்கிய ஊழியர் இருந்தால் அவரையே அமர்த்திப் பதிய வேண்டும். ஓய்வு பெற்றவரானால் ஒரு நாள் அழைத்து, தேநீர் கொடுத்து உட்கார வைக்கலாம். டாஸ்பாக்ஸ் பேச்சைப் பதிவதில்லை. அதற்குக் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்தால் போதும். எந்த விசையை ஏன் அழுத்துகிறார், எந்தக் கட்டத்தை வழக்கமாகத் தாண்டிவிடுவார்கள், பிழை வந்தபோது அவ்வலுவலகத்தில் என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே செய்வது, திரையில் இல்லாத பாதியைத் திரையோடு சேர்த்துவிடும். இவற்றைக் கேட்பவர் குற்றம் கண்டுபிடிக்கும் தொனியில் கேட்கலாகாது. 99.9 என்று எழுதியவர் தமக்குக் கிடைத்த கட்டத்துக்குள் தம் வேலையை முடித்தவர்.

ஒவ்வொரு பதிவோடும் ஒரு குறிப்பு இருத்தல் வேண்டும். நிரலின் பெயரும் பதிப்பும், மூல யந்திரமா பாவனை நிரலா என்பதும், பாவனை நிரலானால் அதன் பதிப்பும் அமைப்புக் கோப்பும், பதிந்த தேதியும், இயக்கியவர் வகித்த பதவியும் அதில் வேண்டும். தேதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாவனை நிரல் இன்றைய தேதியையே பழைய நிரலுக்குக் கொடுக்கும். ஆண்டை இரண்டு எண்களில் காட்டும் நிரலில் அது வேடிக்கையான விளைவுகளைத் தரக்கூடும். தேதியைப் பின்தள்ளி வைத்துப் பதிவது குற்றமன்று. பின்தள்ளியதைக் குறிப்பில் எழுதாமல் விடுவதே குற்றம். அவ்வாறே, மக்களின் பெயர், நிலம், நோய் முதலிய விவரங்கள் திரையில் தோன்றுமானால், மாதிரி விவரங்களை ஏற்றிக்கொண்டே பதிய வேண்டும்.

சட்டத்தின் துணையும் இவ்வேலைக்கு இல்லாமலில்லை. மத்திய அரசு, யூனியன் பிரதேச நிர்வாகங்கள், பொதுத்துறை ஸ்தாபனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களைப் பற்றிய 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், கணிப்பொறியால் உண்டாக்கப்பட்ட எப்பொருளையும் பொது ஆவணம் என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. காகிதக் கோப்பை அழிப்பதற்கு முன் ஆயிரம் யோசனை செய்யும் அலுவலகம், அக்கோப்பின் எண்களைப் பிறப்பித்த திரையை யோசனையின்றி இழப்பது அச்சட்டத்தின் கருத்துக்கு ஏற்றதன்று. மறுபுறம், 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய யந்திரங்களைப் பதிவு பெற்றவர்களிடம் ஒப்படைத்து அகற்ற வேண்டியிருக்கிறது. அவ்விதிகள் அவசியமானவை, ஈயமும் பாதரசமும் நிலையத்தின் கொல்லையில் கிடக்கலாகாது. ஆனால் ஒரே லாரியில் அட்டையும் பூட்டுக் கருவியும் யந்திரமும் ஏறிப்போய்விட்டால் அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே, கண்டம் செய்யப்படும் பொருட்களின் பட்டியலில், கணிப்பொறி ஒவ்வொன்றுக்கும் எதிரே, திரை பதியப்பட்டதா என்று கேட்கும் ஒரு பத்தியைச் சேர்ப்பது தக்கது. வேலை அதிகமாகத் தோன்றும் நிலையங்கள் வரிசை வகுத்துக்கொள்ளலாம். இந்திய எழுத்து அட்டையோ பூட்டுக் கருவியோ பொருந்திய யந்திரங்களை முதலில் முடிக்க வேண்டும்; அவற்றுக்குப் பாவனை நிரல் துணை நிற்காது. அந்நிலையத்திலேயே எழுதப்பட்டு வேறெங்கும் பிரதி இல்லாத நிரல்கள் அடுத்து வரலாம். கடைகளில் விற்ற பொது நிரல்கள் காத்திருக்கலாம். பதிவின் ஒரு பிரதி தலைமை அலுவலகத்துக்குப் போகட்டும். மற்றொன்று, அந்த யந்திரம் விழுங்கிய எண்கள் எழுதப்பட்டிருக்கும் அளவைப் புத்தகங்களின் அலமாரியிலேயே, மழைமானி மாற்றிய குறிப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.